எல்லாக் கருவிக்கும் ஒரே தரை

(முன்னாள் மாணவர் சந்திப்பையொட்டி சிங்கவரத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கதை பேச நிறைய பேர் இருக்காங்க, நீங்க ஏதாவது உபயோகமா பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் சர்வீஸ் வேலை பார்ப்பவன். ஆம்ப்ளிஃபையர், எடைமேடை, கம்ப்யூட்டர் என்று கெட்டுப் போனது எதுவோ அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இத்தனை வருஷத்தில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பலவற்றுக்கு வியாதி பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவில்தான் இருந்தது. அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். படிக்கும்போது நாம் அரைப் பக்கத்தில் முடித்துவிட்ட விஷயம்: எர்த், கிரவுண்டு, காமன்.

வோல்ட் என்பது உயரம் மாதிரி

நம் ராஜகிரிக் கோட்டை எவ்வளவு உயரம்? சுமார் 800 அடி என்று எழுதியிருக்கிறார்கள். எங்கிருந்து 800 அடி? அடிவாரத்துத் தரையிலிருந்து. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் வேறு எண் வரும். எங்கிருந்து அளக்கிறோம் என்று சொல்லாமல் உயரம் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

வோல்ட்டும் அப்படித்தான். "இந்தக் கம்பியில் 5 வோல்ட்" என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஆனால் ஒரு கம்பியில் மட்டும் வோல்ட் இருக்க முடியாது. இரண்டு இடத்துக்கு இடையில்தான் இருக்கும்.

தம்பிகளே, நீங்கள் புராஜெக்ட் செய்கிறீர்கள். கன்ட்ரோலர் போர்டுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட். சின்ன மோட்டார் ஒன்று, அதற்குத் தனியாக 6 வோல்ட் பேட்டரி. போர்டிலிருந்து ஒரே ஒரு சிக்னல் கம்பியை மோட்டாருக்குக் கொடுக்கிறீர்கள். மோட்டார் சும்மா இருக்கிறது, இல்லையென்றால் கை நடுங்குகிற மாதிரி உதறுகிறது. புரோகிராமை நாலு முறை மாற்றி எழுதுகிறீர்கள். கோளாறு புரோகிராமில் இல்லை. போர்டு தன் மைனஸிலிருந்து 5 வோல்ட் அளந்து அனுப்புகிறது. மோட்டாரோ தன் பேட்டரியின் மைனஸிலிருந்து அளந்து பார்க்கிறது. ஒருத்தர் ராஜகிரி அடிவாரத்திலிருந்தும், இன்னொருத்தர் கிருஷ்ணகிரி உச்சியிலிருந்தும் அளந்த கதைதான். இரண்டு மைனஸையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுங்கள். ஒழுங்காக ஓடும். இரண்டு பிளஸையும் சேர்க்க வேண்டியதில்லை, சேர்க்கவும் கூடாது.

இது சின்ன விஷயம். தவறினால் மார்க் போகும், அவ்வளவுதான். இதே விஷயம் 230 வோல்ட்டில் வரும்போது உயிர் போகும்.

பாறையும் களிமண்ணும்

காலையில் நம்மில் பலர் படியேறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வந்தோம். பல்லவர் காலக் குடைவரை. பெருமாளே தாய்ப்பாறையில் செதுக்கப்பட்டுப் பள்ளி கொண்டிருக்கிறார். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. உலோகம் இல்லாமல் எடுத்த அந்தக் காலத்து மலைக்கோயில்களுக்கு இன்று நாம் மின்சாரக் கம்பி, மைக் செட், சீரியல் லைட், மோட்டார் எல்லாம் கொண்டு போயிருக்கிறோம். எர்த்துக்கு என்ன செய்கிறோம் என்று யோசித்ததுண்டா?

"பூமி எல்லாருக்கும் பொது, எங்கே கம்பி அடிச்சாலும் எர்த் எர்த்துதான்" என்று நாம் நினைக்கிறோம். இந்த நினைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் தந்திக்கு இரண்டு கம்பி தேவையில்லை, ஒரு கம்பி போதும், திரும்பி வரும் வழியாகப் பூமியே இருக்கட்டும் என்று செய்து காட்டினார். தந்திக்கு அது போதுமானதாக இருந்தது. டெலிபோன் வந்தது, டிராம் வண்டி வந்தது. டிராமின் மின்சாரம் தண்டவாளத்தை விட்டு மண்ணுக்குள் கசிந்து போனதில் டெலிபோனில் ஒரே இரைச்சல். கடைசியில் டெலிபோன்காரர்கள் பூமியை விட்டுவிட்டு இரண்டு கம்பிக்கே திரும்பினார்கள். பூமி நல்ல கம்பி இல்லை என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்.

எவ்வளவு மோசமான கம்பி என்று கணக்குப் போடுவோம். மூன்று மீட்டர் நீளம், நாலு சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு எர்த் பைப்பை நட்டால், அதன் தடை மண்ணின் மின்தடை எண்ணில் சுமார் 0.3 பங்கு வரும். ஈரமான களிமண்ணுக்கு அந்த எண் 30 ஓம்-மீட்டர் என்று வையுங்கள். பைப்பின் தடை 9 ஓம். நம் செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் மாதிரி பாறைக்கு 3000 என்று வையுங்கள், அதற்கு மேலும் போகும். அதே பைப், அதே நீளம். தடை 900 ஓம்.

இப்போது ஒரு மோட்டாரின் பேஸ் கம்பி உடம்பில் பட்டுவிட்டது. 230-ஐ 900-ஆல் வகுத்தால் கால் ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளுமா? கண்டுகொள்ளாது. மோட்டார் உடம்பு ஏறக்குறைய முழு 230 வோல்ட்டில் அப்படியே நிற்கும். எர்த் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, பைப் இருக்கிறது, உப்பும் கரியும் போட்டிருக்கிறார்கள், தண்ணீர்கூட ஊற்றுகிறார்கள். பாதுகாப்பு மட்டும் இல்லை.

அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால்? கால் ஆம்பியர் என்பது 250 மில்லி ஆம்பியர். உடனே விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் 900 ஓமில் பாய்ந்தால் 27 வோல்ட்தான். அதைத் தாண்டி அந்த உடம்பில் வோல்ட் நிற்கவே விடாது. மண் வளமான ஊர்க்காரர்களைவிடப் பாறை ஊர்க்காரர்களான நமக்குத்தான் அந்தச் சின்னப் பெட்டி அதிகம் தேவை.

இரண்டு எர்த், ஒரு மேடை

சிங்கவரம் மாதிரி ஒரு மலைக்கோயிலில் திருவிழா என்று வைத்துக்கொள்வோம். மேலே ஆம்ப்ளிஃபையருக்கு ஈ.பி. லைன். பாறை இடுக்கில் ஒரு எர்த் கம்பி. கீழே மிக்ஸருக்கு ஜெனரேட்டர். வயல் ஓரத்து ஈர மண்ணில் ஒரு எர்த் கம்பி. கீழிருந்து மேலே ஒரு சிக்னல் ஒயர். இரண்டு பேருமே எர்த் போட்டவங்கதான். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது.

மேலே ஏதோ ஒரு லைட்டில் லேசான கசிவு. பாறையில் உள்ள அந்த எர்த் கம்பியே 100 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. கீழே வயலில் உள்ள எர்த் பூஜ்யத்தில் நிற்கிறது. சிக்னல் ஒயரை இன்னும் ஆம்ப்ளிஃபையரில் சொருகவில்லை. ஒருவர் ஒரு கையால் ஆம்ப்ளிஃபையரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒயர் முனையைப் பிடிக்கிறார். இரண்டு தரைக்கும் நடுவில் பாலம் அவர்தான். 100 வோல்ட்டும் அவர் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

இது கற்பனை பயம் இல்லீங்க. 1972 மே மாதம் பிரிட்டனில் சுவான்சீ நகரத்து மேடையில், ஸ்டோன் த குரோஸ் என்ற இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்து போனார். கையில் கிட்டார், எதிரில் மைக். இரண்டும் ஒரே தரையில் இல்லை.

சரி, யாரும் தொடவில்லை, ஒயரைச் சொருகிவிட்டார்கள். அப்போது என்ன ஆகும்? இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் ஒயரின் ஷீல்டு வழியாக ஓடும். மைக் தருகிற சிக்னலே சில மில்லி வோல்ட்தான். அதோடு 50 ஹெர்ட்ஸில் ஒரு மில்லி வோல்ட் சேர்ந்தால் போதும், ஸ்பீக்கரில் கொர்ர்ர் என்று ஒரு சத்தம். நாதஸ்வரம் நின்றாலும் அது நிற்காது.

இங்கேதான் நம்ம ஊர் வைத்தியம் ஒன்று உண்டு. மூணு பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிடுவது, அல்லது எர்த் ஒயரை மட்டும் கழற்றிவிடுவது. சத்தம் நின்றுவிடும். "பார்த்தியா, கை வைத்தியம்" என்று மார் தட்டிக்கொள்வார்கள். சத்தத்தோடு பாதுகாப்பும் போய்விட்டது என்பது அடுத்த முறை கசிவு வரும்போதுதான் தெரியும். அந்தப் பெரிய பின் ஏன் நீளமாக இருக்கிறது? சொருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் எர்த் விட வேண்டும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை உடைக்கிறவர்கள் நாம்.

இன்னொரு வைத்தியம் அதைவிட ஆபத்து. எர்த் கிடைக்காத இடத்தில் பிளக் பாயின்ட்டிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துவிடுவது. நல்ல நாளில் தெரியாது. என்றைக்கு நியூட்ரல் கம்பி அறுகிறதோ, அன்றைக்கு அந்த வீட்டின் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் மொத்தமாக 230 வோல்ட்டில் நிற்கும்.

சரியான வழி கஷ்டமானது இல்லை. மைக் செட் முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து கரன்ட் எடுங்கள். மேலே மெயின், கீழே ஜெனரேட்டர் என்று பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கத்து எர்த்தையும் ஒரு தடித்த கம்பியால் இணையுங்கள். பாறை மேலே எர்த் வேண்டுமென்றால் பட்டைக் கம்பியை அடிவாரத்து ஈர மண் வரை இறக்கிக் கொண்டு வாருங்கள். சிக்னல் லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சேருங்கள். பாட்டு காந்தத்தின் வழியாகத் தாண்டிப் போகும், திருட்டு மின்சாரத்துக்கு வழி இருக்காது. சத்தமும் நிற்கும், எர்த்தும் இருக்கும்.

"கம்ப்யூட்டர் எர்த் தனி"

அலுவலகங்களில் ஒரு பழக்கம். கம்ப்யூட்டருக்கு என்று தனியாகக் குழி தோண்டி, "இது சுத்தமான எர்த், பில்டிங் எர்த்தோடு சேராது" என்று பெருமையாகக் காட்டுவார்கள். தனிக் குழி தோண்டுவதில் தப்பில்லை. சேர்க்காமல் விடுவதுதான் தப்பு. எர்த் போடுவதற்கான நம் நாட்டு விதித் தொகுப்பு ஐ.எஸ். 3043. 1987-இல் திருத்தி, மறுபடி 2018-இல் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். எர்த்துகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு அது கொடுக்கும் முக்கியத்துவத்தை எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போகும் ஒவ்வொரு தம்பியும் படிக்க வேண்டும்.

எனக்கு வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். ஒரு அரிசி ஆலை. வாசலில் எடைமேடை, நூறு மீட்டர் தள்ளி ஆபீசில் கம்ப்யூட்டர். எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிற மாதிரி ஒயர் இழுத்திருந்தார்கள். எடைமேடைக்கு ஒரு எர்த், கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரண்டு பக்கத்து போர்டும் கருகும். "இடி எங்க மேல விழலையே, எங்கேயோ தள்ளித்தானே விழுந்தது" என்பது முதலாளியின் கேள்வி.

நியாயமான கேள்வி. அரை கிலோமீட்டர் தள்ளி 20 ஆயிரம் ஆம்பியர் உள்ள ஒரு மின்னல் தரையில் இறங்குகிறது என்று வையுங்கள். பாறை கலந்த சரளை மண், 1000 ஓம்-மீட்டர். விழுந்த இடத்திலிருந்து 500 மீட்டரில் தரையின் வோல்ட் சுமார் 6,400. 600 மீட்டரில் சுமார் 5,300. நடுவில் உள்ள அந்த நூறு மீட்டரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். அது சில மைக்ரோ செகண்டுதான் இருக்கும். ஆனால் அந்த ஒயரில் இருந்த ஆர்.எஸ்.485 சிப் தாங்குவது மைனஸ் 7-இலிருந்து பிளஸ் 12 வோல்ட் வரை. "இரண்டு கம்பி போதும், கிரவுண்டு வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி மூன்றாவது கம்பியும் இல்லை, தடுப்பும் இல்லை.

மின்னல் நேரத்தில் மரத்தடியில் நிற்கும் மாடு சாவதற்குப் பல சமயம் இதுவே காரணம். முன்னங்கால் ஒரு தரை, பின்னங்கால் ஒரு தரை. மனிதன் கால்களை ஒட்டி வைத்து நிற்கலாம், மாட்டுக்கு அது முடியாது. அந்த எடைமேடையும் ஆபீசும் நூறு மீட்டர் காலை அகட்டி நின்ற மாடு.

அங்கே கம்பியை வெட்டி, நடுவில் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஐசொலேட்டர் போட்டோம். இரண்டு பக்கத்து எர்த்தையும் பட்டைக் கம்பியால் இணைத்தோம். அதற்குப் பிறகு அந்த வேலைக்காக என்னை அவர்கள் கூப்பிடவில்லை. சர்வீஸ்காரனுக்கு அது நஷ்டம், எஞ்சினியருக்கு அது லாபம்.

மேஜை மேலே நடப்பதும் இதன் தம்பிதான். கம்ப்யூட்டர், டி.வி. இவற்றின் பவர் சப்ளையில் பேஸிலிருந்து உடம்புக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடம்புக்கு ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு இரண்டுக்கும் நடுவில், 115 வோல்ட்டில் தொங்கும். கரன்ட் மிகக் குறைவு, அதனால் ஆளைக் கொல்லாது, சுருக்கென்று மட்டும் இருக்கும். "லேசா ஷாக் அடிக்குது, பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சுருக் ஒரு கேபிளின் சிக்னல் பின் வழியாகப் போனால் போர்ட் போய்விடும். ஆகவே எர்த் உள்ள ஒரே பலகையில் எல்லாவற்றையும் சொருகுங்கள், இரண்டையும் அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள்.

மனதில் நிறுத்த வேண்டியவை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே மேஜையில் இருக்கும் கருவிகளின் மைனஸை ஒரு புள்ளியில் சேருங்கள். ஒரே கட்டடத்தில் இருக்கும் கருவிகளின் எர்த்தை ஒரே எர்த் பட்டையில் சேருங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவே சிக்னல் கம்பியைச் சேர்க்காதீர்கள், ஒளியோ காந்தமோ செய்தியைச் சுமக்கட்டும். எந்த நிலையிலும் பாதுகாப்பு எர்த்தை வெட்டாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பூமியைக் குத்தினால் பொதுத் தரை கிடைத்துவிடாது. கருவியையும் கருவியையும் நாம்தான் இணைத்துப் பொதுவாக்க வேண்டும். பைப்பை மண்ணில் நடுவது பாதி வேலை. மீதி வேலை அந்த இணைப்புக் கம்பி. நம் ஊர்ப் பாறையில் அது பாதிக்கும் மேல்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஒயரிங் லைசென்ஸ் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மைக் செட் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு எர்த் டெஸ்டரை வாங்கிச் சங்கத்தின் பெயரில் வைப்போம். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கல்லூரி லேபுகளை அளப்போம். சுற்று வட்டாரக் கோயில்களில் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் போய், அவர்கள் சம்மதத்தோடு எர்த்தை அளந்து, ஆர்.சி.சி.பி. பெட்டியில் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு வருவோம். மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போவோம். அரைப் பக்கத்தில் படித்த பாடத்தை அவர்கள் பாறை மேலே நின்று படிக்கட்டும்.

இதற்கு வரச் சம்மதம் உள்ளவர்கள் டீ இடைவேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.